மெக்கானிக்கல் படிப்பு: அன்று என்ன விலை, இன்று என்ன மதிப்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள்.

போன வாரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். பட்டுத் தறிதான் பிழைப்பு. பையன் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறான், கணக்கில் 71. காபி குடித்து முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேத்துடட்டுமா? இல்ல, பன்னெண்டு படிக்க வெச்சு பி.இ. போடட்டுமா? எது சார் கட்டுப்படியாகும்?"

"ரெண்டு நாள் டைம் கொடுப்பா" என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். கேட்டவுடன் பதில் சொல்லும் வாத்தியார் என்றுதான் எனக்குப் பெயர். ஆனால் 2006-ல் இதே கேள்வியை இன்னொரு நெசவாளி கேட்டபோது ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பதில் சொன்னவன் நான். அதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தப் படிப்புக்கு நம் நாட்டில் யார் யார் எப்போது விலை கொடுத்தார்கள் என்று பார்ப்போம். அந்த இரண்டு நாளும் பழைய குறிப்புகளைப் புரட்டியது அதற்காகத்தான்.

1794-ல் சென்னைக் கோட்டை அருகே ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. மாணவர்கள் 8 பேர். ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து எடுத்த பிள்ளைகள். நிலத்தை அளக்கக் கம்பெனி அரசுக்கு ஆள் தேவைப்பட்டது, எனவே அரசே செலவழித்துக் கற்றுக் கொடுத்தது. பிள்ளைகளின் குடும்பம் ஒரு காசும் கொடுக்கவில்லை, கொடுக்கக் குடும்பமும் இல்லை. அந்தப் பள்ளிதான் 1859-ல் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்கு இடம் மாறி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக நிற்கிறது.

அங்கே மெக்கானிக்கல் படிப்பு வந்தது 1894-ல். தொடங்கி நூறு ஆண்டு கழித்து! அதுவரை சென்னையில் இயந்திரம் இல்லாமலா இருந்தது? பெரம்பூரில் ரயில்வே பட்டறை 1856-லேயே வந்துவிட்டது. பக்கிங்காம் மில் 1870-களில் வந்தது. அங்கெல்லாம் வேலை தெரிந்தவர்கள் பட்டறையிலேயே கற்றவர்கள். அரம் பிடித்து, சுத்தியல் பிடித்து, மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக் கற்றார்கள். பட்டறைக் கல்வி முதலில் வந்தது, பட்டம் பின்னால் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1916. சென்னையில் டிரேட்ஸ் ஸ்கூல் என்று ஒன்றை அரசு தொடங்கியது. இன்று தரமணியில் இருக்கும் மத்திய பாலிடெக்னிக் அதன் வழிவந்ததுதான். கோவையில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் தங்கள் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கி 1926-ல் அறக்கட்டளை அமைத்தார்கள். 1939-ல் பாலிடெக்னிக், 1951-ல் பொறியியல் கல்லூரி. அங்கே ஒரு சிறப்பு, வளாகத்துக்குள்ளேயே தொழிற்கூடம். மோட்டாரும் பம்பும் விற்பனைக்கே தயாராகும் இடத்தில் மாணவன் வேலை பழகினான். அவன் கடைந்த சாமான் சரியில்லை என்றால் மதிப்பெண் குறைவதோடு போகாது, சாமானே வீண். சாண்ட்விச் படிப்பு என்று அவர்கள் நடத்துவது இந்த வழக்கத்தில் வந்தது. கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் பட்டறை என்று மாறி மாறி வரும்.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் போக முடியாது. பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர். 1937-ல் இந்தியாவிலேயே மோட்டார் செய்ய முன்நின்றவர்களில் ஒருவர். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்ததற்கு அவர் முயற்சி முக்கியமான காரணம். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடுவுக்கும் அரசுக்கும் அங்கே ஒரு தகராறு வந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு, அது வீண், இரண்டு வருஷம் போதும் என்றார் அவர். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பொறுப்பை விட்டு விலகிவிட்டார்.

நாயுடு சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பாலம், விமானம், கொதிகலன் எல்லாம் கணக்குப் படிக்காமல் வராது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. படிப்பின் விலையைக் கட்டணத்தில் மட்டும் பார்க்காமல் ஆண்டுகளிலும் பார்த்தார். ஒரு இளைஞனின் இரண்டு வருஷத்துக்கு விலை உண்டு என்பது, வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு 2006-ல் தெரியவில்லை.

1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியது. சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டை விற்றுத் தொடங்கிய நிறுவனம். பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்து மூன்றாண்டு பயிற்சி. அப்துல் கலாம் 1954-ல் அங்கே சேர்ந்தார். சேருவதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவிடம் இல்லை. தமக்கை ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை நான் சொன்னதில்லை, நானே கவனித்ததில்லை. அந்த நகையை அடகு வைத்துக் கலாம் வாங்கியது பி.இ. பட்டம் இல்லை. அன்று எம்.ஐ.டி. கொடுத்தது டிப்ளமாதான்! டி.எம்.ஐ.டி. என்று பெயர். அந்தச் சொல் அவரைக் குறைத்துவிடவில்லை. அங்கே சொல்லிக் கொடுத்தவர்களும் செய்யச் சொன்ன வேலையும் அப்படி.

அந்தக் காலத்தில் 'தனியார்' என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. ராஜம் வீட்டைக் கொடுத்தார். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்தார், 1952-ல் கல்லூரி வந்தது. மதுரையில் தியாகராசர் கல்லூரி 1957-ல். கொடுத்தவர் தனியார், பெற்றுக்கொண்டது ஊர். 1959-ல் ஜெர்மனி உதவியோடு சென்னை ஐ.ஐ.டி., 1964-ல் திருச்சி ஆர்.இ.சி., இவற்றுக்குச் செலவழித்தது அரசு. மாணவன் கட்டியது கொஞ்சம்தான். ஆனால் வாசல் குறுகல். நம் ஊரில் 1979-ல் அத்திவரதர் எழுந்தருளியபோது எனக்கு 20 வயது, ஆசிரியர் பயிற்சி முடித்த வருஷம். அன்று எங்கள் தெருவில் பாலிடெக்னிக் போனவர் ஒருவர், பொறியியல் கல்லூரி போனவர் யாரும் இல்லை. தறி வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத கிளை.

பிறகு 1984, 85. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி வந்தது. நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் பென்னலூரில் 1985-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி வந்தது. வண்டலூர், காட்டாங்குளத்தூர், பாடூர் என்று அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கக் கல்லூரிகள் முளைத்தன. நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த வாசல் திறக்காமல் இருந்திருந்தால் என் மாணவர்கள் பலர் இன்று அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்து இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் செலவு அரசின் தோளிலிருந்து அப்பாவின் தோளுக்கு மாறியது அப்போதுதான்.

அந்தத் தோள் எவ்வளவு தாங்கும் என்று நீதிமன்றங்களே திணறின. நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழக அரசு 1992-ல் சட்டம் போட்டது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதி இடம் இலவச இடம், பாதி இடம் கட்டண இடம் என்றது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து அந்த ஏற்பாடு செல்லாது என்றார்கள். அதன் பிறகு வந்ததுதான் கட்டணக் குழுவும், கவுன்சிலிங் இடம், மேனேஜ்மென்ட் இடம் என்று இரண்டு விலையும். 2007-ல் நுழைவுத் தேர்வும் போயிற்று. கோச்சிங் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை. மாநிலத்தில் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின.

பணத்துக்கு வழி? 2001-ல் வங்கிகளுக்கான கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம். தறி ஓட்டும் குடும்பத்துக்கு வங்கி கடன் கொடுக்கும் என்பதே அதுவரை கேள்விப்படாத சங்கதி. பட்டுத்தறிக் குடும்பங்களுக்கு ஒரு சொல் நன்றாகத் தெரியும்: முன்பணம். முதலாளி கல்யாணத்துக்கு முன்பணம் கொடுப்பார், அதைக் கழிக்க வருஷக்கணக்கில் அவருக்கே நெய்ய வேண்டும். பிள்ளையைக் கோர்வை இழுக்க உட்கார வைப்பதும் அதற்காகத்தான். என் பணிக்காலத்தில் பாதி அந்தக் கோர்வைப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வருவதிலேயே போனது. கல்விக் கடனும் ஒரு முன்பணம் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. வருங்காலச் சம்பளத்தின் மேல் வாங்கும் முன்பணம்.

எல்லோரும் ஏன் மெக்கானிக்கல் என்று ஓடினார்கள்? காரணம் கண் முன்னாலேயே இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் வந்து 1998-ல் கார் வெளியே விட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பெங்களூர் சாலையில் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துத் தாய்மார்கள், "என் பிள்ளையும் ஒருநாள் அந்தப் பஸ்ஸில் போவான்" என்று நம்பினார்கள். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் படித்தவர்கள் என்று யாரும் இறங்கிப் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி 2006-ன் கதை. ஒரு பையன். நாலாம் வகுப்பில் கோர்வைத் தறியிலிருந்து நான் கூட்டிவந்த பிள்ளை. அப்பாவோடு சண்டை போட்டுக் கூட்டி வந்தேன். கை அபாரம். வீட்டு ஜக்கார்டு பெட்டி மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள், பள்ளி விட்டு இவன் வரும்வரை காத்திருப்பார்கள். எந்த அட்டையில் ஓட்டை பிசகு, எந்தக் கொக்கி எழவில்லை என்று கண்டுபிடித்துவிடுவான். பத்தாவது முடித்தான். அப்பா வந்து, "பாலிடெக்னிக் போடலாம்னு இருக்கேன் சார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டிப்ளமாவோட நிறுத்திடாதப்பா. கடன் வாங்கியாவது இன்ஜினியர் ஆக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல இரவு யோசித்திருக்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா மட்டும் முடித்தவன். பட்டம் வாங்கிய சக ஆசிரியர்கள் பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தவன். டிப்ளமா என்ற சொல் எனக்குள் ஒரு முள். என் முள்ளை எடுத்து அந்தப் பையன் காலில் தைத்துவிட்டேன்.

2008-ல் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். கட்டணம், பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்குக் கிட்ட. பெரும்பகுதி வங்கிக் கடன், மீதி அம்மா நகை. பட்டறை வகுப்பில் 60 பேருக்கு நாலு லேத், ஓடுவது ஒன்று. "ஒருத்தன் ஓட்டுவான், நாங்க பத்துப் பேர் சுத்தி நின்னு பார்த்து ரெக்கார்டு எழுதுவோம் சார்" என்றான். முதல் வகுப்பில் தேறினான். 2012-ல் வேலை தேடியபோதுதான் தெரிந்தது, பி.இ. என்றாலே ஷாப் ஃப்ளோர் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். சீக்கிரம் விட்டுப் போய்விடுவான் என்று பயம். டிசைன் வேலைக்கோ பெரிய கல்லூரிப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் பட்டத்தை மறைத்து, பன்னிரண்டாவது என்று எழுதிக் கொடுத்து 7,500 ரூபாய்க்குக் காண்ட்ராக்ட்டில் சேர்ந்தான். அங்கே அவனுக்குச் சூப்பர்வைசர் யார்? அதே தெருவில், அவனோடு பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போன பையன்.

படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் கடன் தவணை தொடங்கியது. வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருந்தது. தறியை விட்டு ஓய்ந்திருந்த அப்பா மறுபடி குழியில் இறங்கினார்.

2019-ல் மறுபடி அத்திவரதர் வந்தார். தரிசன வரிசையில் அவனைப் பார்த்தேன். மனைவி, குழந்தையோடு நின்றான். அம்பத்தூரில் ஒரு சின்ன டூல் ரூமில் சி.என்.சி. செட்டராக இருப்பதாகச் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ ஆரம்பித்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க சார். அம்பத்தூர்ல முதல் ரெண்டு வருஷம் அந்த முதலாளிகிட்ட திட்டு வாங்கினேன் பாருங்க, அதான் சார் என் மெக்கானிக்கல்" என்றான். கடன் அப்போதும் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து முடிந்ததாக போன் செய்தான்.

ஜி.டி. நாயுடு கேட்டதும் இரண்டு வருஷம்தான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். வாத்தியார் என்றால் கரும்பலகை இல்லாமல் முடியுமா?

2017-ல் கட்டணக் குழு வைத்த கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000, என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள படிப்புக்கு 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. நான்கு வருஷத்துக்குக் கவுன்சிலிங் இடம் 2,20,000, அதே வகுப்பில் அதே பெஞ்சில் மேனேஜ்மென்ட் இடம் 3,48,000. வித்தியாசம் 1,28,000. இருவருக்கும் அதே லேத்தான், அதே ஆசிரியர்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் 2010-ல் வந்த சலுகையில் ஆண்டுக்கு 25,000 கழியும், அப்போது 1,20,000-ல் முடியும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. ஆக, ஒரே படிப்புக்குச் சுழியத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை விலை! விசாரிக்காமல் நன்கொடை அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.

இப்போது ஆண்டுக் கணக்கு. பத்தாவது முடித்து, பன்னிரண்டு, பிறகு பி.இ. என்றால் 2 + 4, ஆறு வருஷம். பத்தாவது முடித்து டிப்ளமா, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டு என்றால் 3 + 3, அதுவும் ஆறு வருஷம். முடிவில் இருவர் கையிலும் இருப்பது ஒரே பட்டம். ஆனால் இரண்டாவது வழியில் பாதி தூரத்தில் ஒரு திண்ணை இருக்கிறது. பணம் இல்லையா, அங்கே உட்கார்ந்து வேலைக்குப் போகலாம். பிறகு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. படிக்கலாம். முதல் வழியில் நடுவில் நின்றால் கையில் ஒன்றும் இல்லை. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமாவுக்கும் உண்டு, ஐ.டி.ஐ.க்கும் உண்டு.

இரண்டாவது வழியில் சிக்கலே இல்லையா? உண்டு. டிப்ளமா முடித்து வருபவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் முதலில் தடுமாறுவது கணக்கில். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு இல்லாத குறை அங்கே தெரியும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மேலக்கோட்டையூரில் காஞ்சிபுரம் பெயரோடு இருக்கும் ட்ரிபிள் ஐ.டி. இதற்கெல்லாம் பன்னிரண்டாவது முடித்து ஜே.இ.இ. எழுத வேண்டும். கணக்கில் உண்மையான ருசி உள்ள பிள்ளையை அவசரப்பட்டுப் பாலிடெக்னிக்கில் போடுவதும் தவறுதான். 15 வயதில் எடுக்கும் முடிவு என்பதை மறக்கக் கூடாது. பழைய நாளில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது, வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதுவது. அதை பி.இ.க்குச் சமமாக மத்திய அரசு ஏற்பது 2013 மே மாதத்துக்குள் பதிவு செய்தவர்களோடு நின்றுவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை ஏறிய ஒரு படிக்கட்டு அப்படிப் போனது.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு பட்டம், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி என்று வேறொரு பட்டம். இரண்டாவதில் உயர்கணிதம் குறைவு, பட்டறையும் சோதனைக்கூடமும் அதிகம். இரண்டையும் தனித்தனியாகவே அங்கீகரிக்கிறார்கள், சில மாநிலங்களில் இரண்டாமவர் பொறியாளர் உரிமம் வாங்குவது கடினம். நம் ஊரில் பி.இ.க்கும் பி.டெக்.குக்கும் அப்படி ஒரு வேறுபாடு கிடையாது, இதைப் பெற்றோர் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே 'டெக்னாலஜி' பட்டம் செய்யும் வேலையை இங்கே பெருமளவு செய்வது டிப்ளமாதான். அதற்கு நாம் பட்டம் என்ற மரியாதையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று. இந்தியா 2014-ல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. ஆனால் வெளிநாட்டில் அந்த மதிப்புச் செல்லுபடியாவது என்.பி.ஏ.வின் டயர்-1 அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான். கல்லூரி வாசலில் பெரிய பலகை வைத்திருப்பார்கள், எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்டு வாங்குங்கள்.

130 ஆண்டுக் கதையைக் கூட்டிக் கழித்தால் எனக்குத் தெரிவது இதுதான். அரசு கொடுத்த காலத்திலும், கொடையாளர் கொடுத்த காலத்திலும், அப்பா கொடுத்த காலத்திலும் இந்தப் படிப்பின் மதிப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. பிள்ளையின் கை எத்தனை மணி நேரம் இயந்திரத்தில் இருந்தது, பக்கத்தில் தவறைச் சுட்டிக்காட்ட வேலை தெரிந்தவர் நின்றாரா என்பதில். பெரம்பூர் பட்டறையில் அது இருந்தது. பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில் இருந்தது. என் மாணவன் மூன்றரை லட்சம் கொடுத்த இடத்தில் இல்லை. இன்று ஒரு பைசா கட்டணம் இல்லாத சில அரசு ஐ.டி.ஐ.களில் மறுபடி வந்திருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடியில் ரோபோ, சி.என்.சி. என்று புதுப்பிக்கும் திட்டம் வந்தது. ஒரகடத்தில் ஒன்று இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த நெசவாளி வந்தார், பையனையும் கூட்டிக்கொண்டு. எது லாபம் என்று நான் சொல்லவில்லை. மேலே எழுதிய கணக்கை ஒரு தாளில் போட்டுக் கொடுத்தேன். பிறகு பையனிடம் கேட்டேன், "உனக்கு என்னடா பிடிக்கும்?" 2006-ல் அந்தப் பையனிடம் நான் கேட்காத கேள்வி. இவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மிஷின் பார்க்காம எப்படி சார் சொல்றது?" என்றான். சரியான பதில்!

வரும் திங்கட்கிழமை மூன்று பேரும் கிளம்புகிறோம். ஒரு பாலிடெக்னிக், ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு ஐ.டி.ஐ. மூன்றிலும் கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்கப் போவதில்லை. பட்டறையைத் திறந்து காட்டச் சொல்வோம். எத்தனை லேத், எத்தனை ஓடுகிறது, ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு எத்தனை மணி, போன வருஷம் முடித்தவர்களில் நாலு பேர் போன் நம்பர் கிடைக்குமா, இந்த நாலு கேள்விதான். நீங்களும் இந்த நாலையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

என் மாணவர்களில் மெக்கானிக்கல் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஐ.டி.ஐ., டிப்ளமா, பி.இ. எதுவானாலும், என்ன செலவானது, எங்கே உண்மையில் கற்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பையனுக்குப் படித்துக் காட்டுகிறேன். என் பேச்சைக் கேட்டு யாராவது வழி தவறியிருந்தால் அதையும் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சார்
காஞ்சிபுரம்